78 சுற்று இசைத்தட்டுக்கென்றே ஒரு ஊசி

சிரிப்புத் தட்டு, பறவைக்குரல் தட்டு, யாரும் நினைவில் வைத்திராத விளம்பரப் பாட்டு என்று கிறுக்குத்தனமாகச் சேர்ப்பவன் நான். எல்பி, அதாவது பின்னாளில் வந்த மெல்லிய பள்ளத் தட்டு, அதற்கான ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டின் அகலப் பள்ளத்துக்கு அது ரொம்பப் பொடிசு, அடியில் கிடந்து குப்பையைக் கிளறும். இந்த 75 மைக்ரான் ஊசியோ பள்ளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. இரைச்சல் ஒழியவில்லை, ஆனால் நன்றாக அடங்கியிருக்கிறது. சிரிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. இரட்டைப் பள்ளம் வெட்டிய புதிர்த் தட்டில்தான் கொண்டாட்டம்: ஊசி எதில் விழுகிறதோ அந்தப் பாட்டு! காப்பு மூடிதான் தொளதொள. கூடவே வந்த துடைப்புத் திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறது. அரக்கைக் கரைத்துவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். எல்பிக்கு இந்த ஊசியைப் போடவும் கூடாது.