ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி: பிள்ளைகளோடு காரில் போய் டென்ட் போட எது தோது?

கோடை லீவுக்கு மலையேறலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததுமே எல்லோரும் கேட்பது, "அங்கே பார்க்க என்ன இருக்கு?" பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். முதலில் கேட்க வேண்டியவை இரண்டுதான். மலைப்பாதையில் வண்டி ஏறும் அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகள் தாங்குவார்களா? ராத்திரி டென்டுக்குள் எல்லோரும் தூங்க முடியுமா? சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பத்தை மனதில் வைத்து, இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டே நான்கு மலைகளை எடைபோடுகிறேன். கோவைப் பக்கத்துக்காரர்களுக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

மலை என்றாலே குளிர் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும், கணக்கு அவ்வளவுதான். அடிவாரத்திலிருந்து எவ்வளவு ஏறுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாணியம்பாடியில் 40 டிகிரி கொளுத்தும் நாளில், சுமார் 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் நாலைந்து டிகிரி குறைந்தால் பெரிது. சேலம் 38 என்றால் சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காடு 30-ஐ ஒட்டி இருக்கும். மேட்டுப்பாளையத்துக்கும் 2,240 மீட்டர் ஊட்டிக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடும். பகலில் அறைக்குள்ளோ மரத்தடியிலோ இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பாலியஸ்டர் டென்டுக்குள் படுத்திருப்பவருக்கு நன்றாகவே தெரியும். வெயில் நேராக விழும் இடத்தில் டென்ட் போட்டிருந்தால், காலை எட்டு மணிக்கு உள்ளே இட்லிக் கொப்பரைதான்.

ஏலகிரியின் பலம் தூரம். சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே போய், திருப்பத்தூர் சாலையில் திரும்பினால் பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கும். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கே. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு: பாரதியார், திருவள்ளுவர், கம்பர், ஔவையார், பாரி, பேகன் என்று புலவர்களும் வள்ளல்களும் வரிசையாக வருவார்கள். அடுத்த பலகையை யார் முதலில் படிப்பது என்று பிள்ளைகளிடம் போட்டி வைத்துவிட்டால், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும், செல்போனுக்குப் போகாது. வாந்திக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆம்பூர் பிரியாணியை முடித்துவிட்டு மலையேறலாம் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள், மேலே போய்ச் சாப்பிடலாம்.

ஆனால் ஏலகிரியில் மே மாதம் டென்ட் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பகலெல்லாம் சூடேறிய தரை, காற்று நின்றுவிட்டால் புழுக்கம், அப்புறம் கொசு. புங்கனூர் ஏரியில் படகு, பூங்கா, சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி, ஃபேன் இருக்கும் ஓர் அறை என்று ஒரு ராத்திரிப் பயணமாக வைத்துக்கொண்டால் ஏலகிரி கச்சிதம். முதல்முறை நெடுந்தூரம் வரும் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒத்திகை பார்க்கவும் இதுவே சரியான மலை.

டென்டுதான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றால் என் ஓட்டு ஏற்காட்டுக்கு. சென்னையிலிருந்து சேலம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகவும் போகலாம், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகவும் போகலாம். சேலத்திலிருந்து மேலே முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். சாலை நன்றாகவே இருக்கிறது; நிதானமாக ஓட்டினாலும் ஒரு மணி நேரம் போதும். ஏற்காட்டின் பெரிய வசதி நிழல். காபித் தோட்டங்களில் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக்கும் பலாவும் குடை பிடித்து நிற்கும், அவற்றின்மேல் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அந்த நிழலில் போட்ட டென்ட் காலை பத்து மணி வரைகூடத் தாங்கும். இதற்கெல்லாம் சொந்த எஸ்டேட்டில் இடம் கொடுப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து டென்ட் அடித்தால் வனத்துறை வழக்குப் போடும்.

அங்கே ஒரு ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கே நடுராத்திரிபோல இருக்கும். டார்ச்சைத் தாடைக்குக் கீழே வைத்துப் பேய் காட்டி, தலையணைச் சண்டை போட்டு, ஒன்பதரைக்குப் பிள்ளைகள் அசந்துவிடுவார்கள். ரெண்டு மணிக்கு, "அப்பா, பாத்ரூம்." ஜிப்பைத் திறக்கிற சத்தத்தில் இன்னொன்றும் எழுந்துகொள்ளும். பனியில் நனைந்த செருப்பைக் கண்டுபிடித்து, தட்டி உள்ளே பூச்சி இல்லை என்று பார்த்து, டார்ச்சோடு நடந்தால், கழிவறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். அதனால் இடத்தை முன்பதிவு செய்யும்போது காட்சி எப்படி, கேம்ப் ஃபயர் உண்டா என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால், டென்டிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி, ராத்திரி அங்கே விளக்கு எரியுமா என்று கேளுங்கள். "பக்கத்துலதான் சார்" என்று மட்டும் பதில் வந்தால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் மே மாதம் கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடக்கும். அந்த நாட்களில் ஏரியைச் சுற்றி வண்டி நகராது. தேதி அறிவித்ததும் அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நல்லது. கிளியூர் அருவியைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள், கோடையில் பெரும்பாலும் பாறையைத்தான் காட்ட முடியும். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் குகைக் கோயில் போதும்.

கொல்லிமலை பெரிய பிள்ளைகளுக்கு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள், அதுவும் ஒன்றையடுத்து ஒன்றாக. ஓட்டுகிறவருக்குக் கொண்டாட்டம். பின் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்ட ஆறு வயதுக்கு முப்பதாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிடும். மேலே போனதும் பிள்ளைகள் கேட்பது ஆகாய கங்கை அருவி. அதற்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும். இறங்குவது எளிது, ஏறும்போது யாரை யார் தூக்குவது என்று கணவன் மனைவிக்குள் வழக்கு வரும். கோடை மழை பெய்திருக்காவிட்டால் அருவியில் தண்ணீரும் சுருங்கியிருக்கும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளாக இருந்தால் நிலைமையே வேறு. எண்பலகைகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள், படியில் நமக்கு முன்னால் ஓடுவார்கள். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரில் ஏலகிரியில் ஒரு வளைவு இருக்கிறது என்று சொன்னால் அதையும் பார்த்துவிட்டு வரலாம் என்பார்கள். கூட்டம் குறைவு, கடைகளும் குறைவு. அந்தக் குறைதான் கொல்லிமலையின் அழகும்கூட.

ஊட்டி, கொடைக்கானலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. குளிரில் இவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். கிளம்புமுன் அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடும் ஒருவழிப்பாதை வேறு. சென்னையிலிருந்து மேட்டுப்பாளையமே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு அதற்கு மேல் மலையேறி, டென்டும் அடிப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற கொடுமை. நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கி வாடகை வண்டி பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். அங்கே மே மாதத்திலும் ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும், டென்ட் என்றால் நல்ல ஸ்லீப்பிங் பேக் வேண்டும். நானாக இருந்தால் அறைதான் எடுப்பேன்.

எந்த மலையானாலும் கேம்ப் ஃபயர் ஆசையைக் கோடையில் அடக்கிக்கொள்ள வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். தோட்டக்காரரே சிமென்ட் தளத்தில் குழி அமைத்து, பக்கத்தில் தண்ணீர் வாளியும் வைத்திருந்தால் சரி. இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சோளக்கதிரை அடுப்பில் சுட்டுக் கொடுத்தால் போதும், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

வண்டிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. கட்டுச்சோறு என்றால் புளியோதரை. தேங்காய்ச் சாதம் மதியத்துக்குள் ஊசிப்போகும். மலைப்பாதை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அதன்பின் இஞ்சி மிட்டாயோ முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழமோ மட்டும் கொடுங்கள். ஏசியை அணைத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை மரியாதை, ஊர்க்காரர்கள் அதைக் கவனிப்பார்கள்.

கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு இந்த நான்கும் வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்தே இரண்டு வழி பிரிகிறது. ஒன்று, ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. வழியில் வரையாடு, புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு என்று காரை நிறுத்தாமலே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் டென்ட் கூடவே கூடாது. அங்கே சிறுத்தை பிள்ளைகளைத் தூக்கிப்போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. யானையும் வரும். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் டென்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. வால்பாறையில் சுவரும் கதவும் உள்ள அறையே சரி.

இன்னொன்று, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம். கேரள வனத்துறையே ஆனப்பாடியில் நிரந்தரமாகக் கூடாரம் அமைத்து வாடகைக்கு விடுகிறது. காட்டுக்குள் சவாரியும் துறையின் வண்டியிலேயே கூட்டிப்போவார்கள். உயரம் குறைவு, மே மாதப் பகலில் வியர்க்கும்தான். ஆனால் புள்ளிமானும் காட்டெருமையும் கண்ணெதிரே மேய்வதைப் பார்க்கிற பிள்ளை வியர்வையைப் பற்றிப் புகார் சொல்லாது. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பிஸ்கட், பால்பவுடர், காய்ச்சல் மருந்து எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். சேத்துமடை தாண்டினால் கடை தேட முடியாது.