ஜல்லி, மஞ்சள், மண்: ஓடும் மெஷினுக்கு எந்தக் கணக்கு?

கரூர் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் சல்லடையின் பக்கத் தகடு மூன்றாவது முறையாக அதே மூலையில் விரிசல் விட்டிருந்தது. "ஏனுங்க, பத்தை வெச்சு வெல்ட் அடிச்ச எடத்துக்குப் பக்கத்துலயே மறுபடியும் விட்டுப்போச்சுங்க. தகட்டையே தடியாப் போட்டுரலாமுங்களா?" என்று கேட்டார் உரிமையாளர். "ஒரு வாரம் குடுங்க. கல்லையும் சேர்த்து கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றனுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்லையும் சேர்த்து ஓட்டுவது என்றால் இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒன்றோடொன்று பேச வைப்பது. ஒன்று துகள் கணக்கு. பொறியாளர்கள் 'டெம்' என்பார்கள். 1979இல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு கல்லையும் தனி உருண்டையாக எடுத்து, எது எதோடு மோதுகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று நொடியின் மிகச் சிறு பகுதிகளாக நடத்திக்கொண்டு போகும். இன்னொன்று எஃப்.இ.ஏ. என்கிற கட்டமைப்புக் கணக்கு. தகட்டையும் குழாயையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, எங்கே எவ்வளவு தகைவு (ஸ்ட்ரெஸ்), எங்கே வளைவு என்று சொல்லும். முதல் கணக்குக்கு மெஷின் வளையாத பொம்மை. இரண்டாவதற்குக் கல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டையும் எப்படிக் கோப்பது என்பதில்தான் நான்கு வழிகள் எதிரெதிராக நிற்கின்றன: கைக்கணக்கு, ஒரு வழி இணைப்பு, ஓட்ட இணைப்பு, முழு இரு வழி இணைப்பு.

நான்கையும் நம் பக்கத்து மெஷின்களில் போட்டுப் பார்த்த பிறகு நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி. உள்ளே விழும் பொருள் மெஷினின் ஓட்டத்தை மாற்றுகிறதா, வடிவத்தை மாற்றுகிறதா, இரண்டையும் மாற்றாமல் சுமை மட்டும் ஏற்றுகிறதா? எந்த வழி என்பதை இந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. மென்பொருள் விற்பவர் காட்டும் வண்ணப்படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

சுமை மட்டும் ஏறும் இடம்: மஞ்சள் டிரம்

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேகவைத்துக் காயவைத்த பிறகு பாலீஷ் போடும் டிரம்மை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த ஒன்று 500 கிலோ பிடிக்கும், நிமிடத்துக்கு 30 சுற்று. நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 14,400 சுற்று. சீசனில் 60 நாள் ஓடினால் 8 லட்சத்து 64 ஆயிரம். டிரம்மின் ஒவ்வொரு ஆரக்காலும் அத்தனை முறை சுமைக்கு அடியில் போய் வெளியே வருகிறது.

கைக்கணக்கு இங்கே தண்டுக்குப் போதும். மொத்த எடை தெரியும், பேரிங் இடைவெளி தெரியும், வளைவுத் திருப்புமையைத் தாளிலேயே போட்டுவிடலாம். தண்டு விஷயத்தில் பழைய ஃபோர்மேன்கள் போடும் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஆரக்காலும், தண்டைப் பிடிக்கும் நடுப் பாஸும் சேரும் வெல்டுக்கு அது போதாது. மஞ்சள் அடியில் சமமாகப் படுத்திருப்பதில்லை. சுற்றும் பக்கம் ஏறி, ஒரு கோணத்தில் சரிந்து, திரும்பி விழுகிறது. விரலி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அதனால் அதிக உயரம் ஏறும். கிழங்கு உருளும். எந்தக் கோணத்தில் எவ்வளவு அழுத்தம் என்பதைத் துகள் கணக்குதான் சொல்ல முடியும்.

அதற்கு மேல் போக வேண்டியதும் இல்லை. 500 கிலோ மஞ்சள் டிரம் தகட்டை ஒரு மில்லிமீட்டர் வளைத்தாலும் விரலிக்கு அது தெரியப்போவதில்லை. ஆகவே ஒரு வழி இணைப்பு: துகள் கணக்கு சுமையைக் கொடுக்கும், கட்டமைப்புக் கணக்கு வாங்கிக்கொள்ளும், திரும்பப் பேச்சு கிடையாது. ஒரு விரலி 5 கிராம் என்று வைத்தால் ஒரு லட்சம் துகள்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு இது சுமையே இல்லை. ஓட்டம் நிலைப்பட்டதும் சராசரி அழுத்தத்தை எடுத்து, டிரம்மை 30 பாகைக்கு ஒன்றாக 12 நிலைகளில் நிறுத்தி, 12 நிலையியல் கணக்குப் போட்டால் ஒரு சுற்றின் கதை முழுதும் வந்துவிடும்.

ஓடும் மெஷினுக்கு ஒரு வழி இணைப்பு போடும்போது ஒரு குழி இருக்கிறது, அதில் நான் விழுந்திருக்கிறேன். துகள் கணக்கு விசைகளைத் தரையோடு நிற்கும் அச்சுகளில் எழுதுகிறது. கட்டமைப்பு மாதிரியோ டிரம்மோடு சுற்றும் அச்சில் இருக்கிறது. சுமையைச் சரியாகத் திருப்பிவிட்டேன், புவியீர்ப்புத் திசையைத் திருப்ப மறந்துவிட்டேன். டிரம்மின் சொந்த எடையால் வரும் ஏற்ற இறக்கம் முழுவதும் காணாமல் போனது. படம் அழகாகத்தான் இருந்தது. இரண்டு பேரிங்கிலும் வரும் எதிர்விசையைக் கூட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அளவும் திசையும் நிலைக்கு நிலை தடுமாறின. டிரம் எடையும் மஞ்சள் எடையும் சேர்ந்த அளவில், எந்த நிலையிலும் தரைக்கு நேர் மேல்நோக்கியே எதிர்விசை வர வேண்டும். இந்தக் கூட்டலைச் செய்யாமல் இப்போது எந்த ரிப்போர்ட்டையும் நான் அனுப்புவதில்லை.

ஓட்டத்தை மாற்றும் இடம்: ஜல்லி சல்லடை

இங்கேதான் அதிகம் பேர் தவறான வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கல் தடதடவென்று விழுகிறது, அதனால் கல்தான் தகட்டை உடைக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கணக்கைப் பாருங்கள். அந்தச் சல்லடை வாங்கும்போது நிமிடத்துக்கு 900 சுற்று, அதாவது 15 ஹெர்ட்ஸ். வீச்சு 5 மி.மீ. முடுக்கம் ஏறக்குறைய 4.5 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் நாலரை மடங்கு வருகிறது. ஆடும் பகுதியின் எடை 4 டன். ஆக, மெஷின் தன்னைத்தானே உலுக்கிக்கொள்ளும் விசை 18 டன் எடைக்குச் சமம். கல்லின் பங்கு என்ன? மணிக்கு 200 டன் ஓட்டினாலும், 5 மீட்டர் நீளத் தளத்தை ஒரு கல் 10 நொடியில் கடந்துவிட்டால், எந்த நேரத்திலும் தளத்தின் மேல் இருப்பது அரை டன் சொச்சம்தான். அதிலும் பாதி நேரம் கல் அந்தரத்தில் துள்ளிக்கொண்டிருக்கிறது. பக்கத் தகட்டுக்கு முதல் எதிரி தன் சொந்த நிறைதான்.

கல்லைச் சேர்த்து நான்கு நாள் ஓட்டிய பிறகு, முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கல்லே இல்லாமல் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் மெஷின் தானாக ஆடும் வேகம் மட்டும் பார்த்தேன். ஒரு மதிய வேலை. பக்கத் தகடு முறுக்கிக்கொள்ளும் அதிர்வு 17.3 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்தது. அதற்கும் 15க்கும் இடைவெளி இருக்கிறதே என்று உரிமையாளருக்குப் போன் செய்தேன். "உற்பத்தி ஏறட்டுமுன்னு போன வருசம் புல்லியை மாத்துனமுங்க" என்றார். இப்போது 1,000 சுற்று, 16.7 ஹெர்ட்ஸ். ஓடும் வேகமும் இயல் அதிர்வெண்ணும் ஒன்றாகி ஆட்டம் பெருகும் ஒத்ததிர்வுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தது மெஷின்.

ஒத்ததிர்வை விட்டுவிட்டாலும் புல்லி மாற்றம் மட்டுமே பெரிய சேதம். விசை வேகத்தின் இருமடிக்குப் போகும், 900இலிருந்து 1,000 ஆனால் 23 சதவீதம் கூடும். திரும்பத் திரும்ப வரும் சுமையால் வெல்டு விட்டுப்போகும் களைப்பு தகைவின் மும்மடிக்குப் போகும். இரண்டையும் பெருக்கினால் வாழ்நாள் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைப்படி 71ஆம் வகுப்பு வெல்டு 20 லட்சம் சுழற்சிக்கு 71 மெகாபாஸ்கல் தகைவு வீச்சைத் தாங்கும். ஒரு கோடி சுழற்சிக்கு 41 வரைதான். நிமிடத்துக்கு 1,000 வீதம் நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 20 லட்சம் என்பது மூன்றே கால் நாள், ஒரு கோடி என்பது 17 நாள். தடித் தகடு போட்டால் சரியாகும் என்ற யோசனையும் இங்கே நம்பகமானதல்ல. தடிமன் கூடினால் விறைப்பும் கூடும், நிறையும் கூடும், உலுக்கும் விசையும் கூடும். நாங்கள் செய்தது புல்லியைப் பழையபடி மாற்றி, ஒரு குறுக்குக் குழாய் சேர்த்தது. முறுக்கு அதிர்வு 24 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது.

அப்படியானால் சல்லடைக்குத் துகள் கணக்கே வேண்டாமா? வேண்டும், வேறு வேலைக்கு. சல்லடை ஸ்பிரிங் மேல் மிதக்கிறது. கல் விழும் முனை கனத்தால் ஆட்டத்தின் வடிவமே மாறும். ஒரு முனை வட்டமாகவும் மறுமுனை நீள்வட்டமாகவும் ஆடும். இதைப் பிடிக்க வேண்டுமானால் வேண்டியது ஓட்ட இணைப்பு. மெஷினை வளையாத உடலாகவே வைத்து, ஸ்பிரிங், மோட்டார் எல்லாம் சேர்ந்து எப்படி ஓடும் என்று சொல்லும் பல்லுடல் இயக்கக் கணக்கோடு துகள் கணக்கை இரு பக்கமும் பேச வைப்பது. அதில் கிடைக்கும் உண்மையான முடுக்கத்தையும் கல் சுமையையும் பிறகு ஒரு வழியாக எஃப்.இ.ஏ.க்கு அனுப்பலாம். ஓட்டத்துக்கு இரு வழி, வடிவத்துக்கு ஒரு வழி. நம் பக்கத்து அதிரும் மெஷின்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்தக் கலவையைத்தான். செலவு முழு இணைப்பை விட மிகக் குறைவு, விட்டுப்போவது அநேகமாக ஒன்றுமில்லை.

சுமையை எத்தனை இடைவெளியில் பதிவு செய்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். 15 ஹெர்ட்ஸில் ஒரு ஆட்டம் 0.067 நொடி. 0.05 நொடிக்கு ஒருமுறை பதிந்தால் உச்சங்கள் தப்பிவிடும், இல்லாத மெதுவான அலை ஒன்று தெரியும். ஒரு ஆட்டத்துக்கு 20 பதிவாவது வேண்டும்.

கல்லை மென்மையாக்கும் வித்தை

எந்த இணைப்பானாலும் இந்தச் சமரசம் பின்னால் இருக்கிறது, பலர் சொல்லாமல் விடுகிறார்கள். 10 மி.மீ. ஆரமுள்ள கருங்கல்லுக்கு உண்மையான விறைப்பைக் கொடுத்தால், கணக்கு ஒரு படிக்கு முன்னேறக்கூடிய பாதுகாப்பான நேரம் ஏறக்குறைய 2.5 மைக்ரோநொடி. ஒரு நொடி ஓட்டத்துக்கு 4 லட்சம் படிகள். அதனால் எல்லோரும் கல்லின் விறைப்பைக் குறைத்து வைக்கிறார்கள். 200 மடங்கு குறைத்தால் படிகள் 14 மடங்கு குறையும். கல் ஓடும் போக்கு பெரிதாக மாறாது.

ஆனால் 1882இல் ஹெர்ட்ஸ் கொடுத்த தொடுகைச் சூத்திரப்படி, ஒரு தனி மோதலின் உச்ச விசை எட்டில் ஒரு பங்காகிவிடும், மோதும் நேரம் எட்டு மடங்கு நீளும். இரண்டையும் பெருக்கினால் வரும் கணத்தாக்கு மாறுவதில்லை. சட்டகம் ஆடும் காலம் மோதல் நேரத்தைவிடப் பல மடங்கு நீளமானது, அதற்குக் கணத்தாக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே சட்டகக் களைப்புக்கு மென்கல் போதும். தேய்மானத்துக்காக உள்ளே போடும் லைனர் தகட்டில் குழி விழுமா, மாங்கனீஸ் வார்ப்பு சில்லுவிடுமா என்று அதே ஓட்டத்தை வைத்துச் சொன்னால் அது பொய். அதற்குத் தனியாக ஒரு கல், உண்மை விறைப்பு, ஒரு மோதல் என்று ஓட்ட வேண்டும்.

வடிவத்தை மாற்றும் இடம்: ரப்பர், கலப்பை

முழு இரு வழி இணைப்பில் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் விசை கட்டமைப்புக்குப் போகும், வளைந்த வடிவம் துகள் கணக்குக்குத் திரும்பும். துகளின் மைக்ரோநொடியும் கட்டமைப்பின் பெரிய படியும் ஒத்துப்போகாமல் கணக்கு வெடித்துச் சிதறுவதும் உண்டு. மஞ்சள் டிரம்முக்கு இதைப் போட்டால் மின்சாரச் செலவுதான்.

ஆனால் ரப்பர் சல்லடைத் துண்டுகளுக்கு வேறு வழியே இல்லை. ஓட்டையில் சிக்கிய கல்லை ரப்பர் நெளிந்து தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. வளையாத பொம்மையாக வைத்தால் அந்த வேலையையே நீக்கிவிட்டுக் கணக்குப் போடுகிறோம். டிராக்டரில் மாட்டும் ஒன்பது கொத்துக் கலப்பையில் ஸ்பிரிங் வைத்த வகையும் அப்படித்தான். மண் கொழுவைப் பின்னுக்கு வளைக்கும், வளைந்த கோணத்தால் மண்ணை வெட்டும் விதம் மாறும், அதனால் இழுவிசை மாறும். பல்லடம், காங்கயம் பக்கத்துச் செம்மண்ணில் மறைந்திருக்கும் கல்லில் கொழு மோதித் திரும்பும் கணத்தை ஒரு வழிக் கணக்கால் காட்டவே முடியாது.

அரிசி ஆலை எலிவேட்டரை இந்தப் பட்டியலில் சேர்க்க நான் தயாரில்லை. ஒரு கிலோ நெல்லில் ஏறக்குறைய 40,000 மணி, ஒரு டன்னுக்கு 4 கோடி. பல மணிகளை ஒன்றாக்கிப் பெரிய துகளாக வைத்து, பக்கெட்டிலிருந்து நெல் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பக்கெட் போல்ட்டுக்குக் கைக்கணக்கு போதும்.

எதில் ஓட்டுவது

காசு கொடுத்து வாங்கும் வகையில் இடெம், ராக்கி இரண்டும்தான் நேருக்கு நேர் நிற்பவை. எடின்பரோவில் பிறந்த இடெம் 2019இல் ஆல்டேருக்கும், 2025இல் ஆல்டேரோடு சேர்ந்து சீமென்ஸுக்கும் போனது. பிரேசிலில் வளர்ந்த ராக்கி 2023இல் ஆன்சிஸுக்கும், 2025இல் ஆன்சிஸோடு சேர்ந்து சினாப்சிஸுக்கும் போனது. ஏற்கெனவே ஆன்சிஸ் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு ராக்கியின் ஒரு வழி இணைப்பு எளிது. அதிரும் மெஷின் வேலை அதிகமென்றால் பல்லுடல் இயக்கக் கணக்குப் போடும் மோஷன்சால்வோடு பேசும் இடெம் எனக்குப் பிடிக்கிறது. இலவசத்தில் லிக்ஸ், யேட் இரண்டும் துகளுக்கு, கால்குலிக்ஸ் கட்டமைப்புக்கு, நடுவில் பேச வைக்க ப்ரீசைஸ் என்ற நூலகம். கிராட்டோஸில் இரண்டுமே ஒரே கூரையின் கீழ். இவை நிரல் எழுதத் தெரிந்த ஒருவரைக் கேட்கும். கோவையில் அப்படிப்பட்ட பிள்ளைகள் கல்லூரியிலிருந்து வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிறு பட்டறைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டால் வருடச் சந்தாவை விடக் கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம்.

வேலை கொடுக்க வருகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று. மெஷினில் ஓடும் அதே பொருள் அரை மூட்டை: தகரத்தில் கொட்டிக் குவியலின் சரிவை அளந்தால்தான் உராய்வு எண்ணைப் பொருத்த முடியும். வெறுமையிலும் சுமையிலும் மோட்டார் எடுக்கும் கரண்ட், வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரில் பார்த்தது: டிரம்மின் முறுக்குவிசை சரியா என்பதை அது சொல்லிவிடும். அதிரும் மெஷின் என்றால் நான்கு மூலையிலும் ஆட்டத்தின் அளவைக் காட்டும் ஸ்ட்ரோக் கார்டு ஒட்டி, கல் ஓடும்போது எடுத்த போட்டோ. புல்லியின் இப்போதைய அளவையும் இந்த மூன்றோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.