பத்து மாதம் போட்டுப் பார்த்த சென்சார் பனியன்

உடம்புச் சூட்டை அளந்து போனுக்கு அனுப்பும் பனியன் இது. முதல் இரவே பயந்துவிட்டேன். போனில் 33.8 டிகிரி. வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 36.9. பனியன் கோளாறு என்று திருப்பி அனுப்பக்கூட நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: துணி தொடுவது தோலை, தோல் உள்ளுடம்பைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும். அதனால் இப்போது எண்ணைப் பார்ப்பதில்லை, போனில் வரும் வரைபடத்தில் என் வழக்கமான கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

உண்மையில் இது இரண்டாவது பனியன். முதலாவதில் வெள்ளி பூசிய நைலான் நூலே சென்சார். தொடுவதற்கு அருமை, உள்ளே ஏதோ இருப்பதே தெரியாது. ஆனால் அலமாரியின் மேல்தட்டுக்குக் கை நீட்டினால் போதும், இருந்தாற்போல் காய்ச்சல் வந்துவிடும்! காரணம் எளிது. நூலின் மின்தடை மாறுவதை வைத்துத்தான் அது சூட்டைக் கணிக்கிறது. உலோகத்தின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம்தான் மாறும். நூல் லேசாக இழுபட்டாலே அதைவிட அதிகம் மாறிவிடுகிறது. சூடு எது, இழுப்பு எது என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இப்போதுள்ளதில் நூலுக்குள் கடுகைவிடச் சிறிய தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்கேற்ப மின்தடை நன்றாக மாறும் ஒரு பாகம். இதன் தடை டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் குறையும். 10,000 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு) தெர்மிஸ்டரில் அது 400 ஓம். இணைப்பு நூல் இழுபட்டு ஓரிரு ஓம் கூடினாலும் கணக்கில் வராது. விரலால் நெருடினால் மட்டும் ஒரு முடிச்சு போலத் தட்டுப்படும், சரி, அது பரவாயில்லை.

ஒருமுறை நிஜமாகவே காய்ச்சல் வந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது கோடு ஏறவில்லை, இறங்கியது. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, உடம்பு சூட்டை உள்ளே பிடித்துவைக்கும் நேரம் அது. நடுக்கம் நின்றபின்தான் சரசரவென்று ஏறியது. இதை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன்.

பனியன் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் தொல்லைதான். துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று புகுந்தால் அளவு கீழே விழும். புரண்டு படுத்த நேரமெல்லாம் கோட்டில் பள்ளமாகத் தெரிகிறது.

துவைப்பதில் பெரிய சிக்கலில்லை. வலைப்பையில் போட்டு, ப்ளீச் இல்லாமல், குளிர்ந்த நீரில். எட்டாம் மாதம் பழுதானது சென்சார் இல்லை, பிரஸ் பட்டன். மெத்தென்ற நூல் கெட்டியான உலோகத்தில் சேரும் இடத்தில்தான் மடிந்து மடிந்து இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருந்தன. வாங்கிய இடத்தில் கேட்டால் புதுப் பனியன் வாங்கச் சொன்னார்கள். மின்சாரம் கடத்தும் நூல் ஒரு கண்டு வாங்கி நானே தைத்தேன். தையல் கோணல்மாணல், ஆனால் வேலை செய்கிறது.