கழுத்தைப் பூட்டுவதா, ஒட்டுவதா? வீட்டில் செய்யும் மின்கிற்றாருக்கு ஓர் ஒப்பீடு

வீட்டுக் கொட்டிலில் மின்கிற்றார் செய்யத் தொடங்குபவர்கள் முதலில் மரத்தையும், கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பையும் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டியது, கழுத்தை உடலோடு எப்படிச் சேர்ப்பது என்பது. கம்பிகளை உடலில் தாங்கும் பிறிட்ஜின் வகை, உடலின் தடிப்பு, பூச்சு அடிக்கும் ஒழுங்கு எல்லாம் அதைப் பார்த்துத்தான் அமையும்.

வழிகள் மூன்று. நான்கு ஸ்குறூவால் பூட்டும் கழுத்து ஒன்று. 1950இல் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த மரப்பலகைக் கிற்றார்களின் முறை அது. பொளியும் கழுந்துமாக, அதாவது குழியும் அதில் பொருந்தும் முனையுமாக, ஒட்டுவது இன்னொன்று. 1952இல் வந்த கிப்சன் லெஸ் போலில் காண்பது. மூன்றாவதில் கழுத்து மரமே உடலின் நடுவால் அடிவரை ஓடும், உடலின் இரு சிறகுகளும் பக்கத்தில் ஒட்டப்படும். றிக்கன்பாக்கர் 1957இல் பேஸ் கிற்றாரில் அப்படிச் செய்தது. யாழ்ப்பாணத்தில் வீட்டில் செய்பவர்களுக்கு நாங்கள் சொல்வது பூட்டும் கழுத்தையே.

மூன்றாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்துக்கு, முறுக்கில்லாத, நேர்நரம்புள்ள (மரத்தின் ரேகை நேராக ஓடும்), நன்றாகக் காய்ந்த துண்டு வேண்டும். மரக்காலையில் அப்படி ஒன்று கிடைப்பதே அரிது. கிடைத்து, செய்து முடித்து, ஒரு வருடத்தில் அது முறுகினால் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, கிற்றாரே போய்விடும். மேல் பிறெற்றுகளுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) கை தாராளமாகப் போகும் என்பது உண்மையான நன்மை. ஒலி கூடுதலாக நீடிக்கும் என்பதைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்லமாட்டோம். இந்த முறையில் எங்கள் கைப்பழக்கம் குறைவு.

ஒட்டும் கழுத்து வடிவானது. கழுத்து உடலோடு சேரும் குதிப்பகுதியை மெல்லியதாகச் செதுக்கலாம், பூட்டும் கழுத்தில் ஸ்குறூக்களின் கீழ் வரும் இரும்புத் தகடு தெரியாது. ஆனால் அதன் கடினம் கோணத்தில் இருக்கிறது. இவ்வகைக் கிற்றாரில் வழக்கமாக வரும் டியூன்-ஓ-மற்றிக் பிறிட்ஜ் உயரமானது, ஆகவே கழுத்தை 3 முதல் 4 பாகை பின்னே சாய்க்க வேண்டும். அரைப் பாகை பிசகினால் பிறிட்ஜ் இருக்கும் இடத்தில் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். பசை காய்ந்த பிறகு மூட்டைத் திறக்காமல் அதைத் திருத்த வழியில்லை. பசையிலும் கவனம் வேண்டும். ஹாட்வெயார் கடை வெள்ளைப் பசை வெயில் சூட்டில் மெல்ல இளகி நகரும். பூட்டிய காருக்குள் ஒரு மத்தியானம் கிடந்தாலே போதும். எபொக்சி நகராது, ஆனால் பின்னர் கழற்றுவது பெரும்பாடு. தேக்கில் கழுத்துச் செய்தால் அதன் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிற்றோனால் துடைக்க வேண்டும். முதல்நாள் துடைத்து வைத்தால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும்.

இனி முக்கியமான விடயம்: ஐந்து, பத்து வருடம் கழித்து அந்தக் கழுத்தை என்ன செய்யப் போகிறோம்? மழையில்லாத நீண்ட மாதங்களில் காயும் மரம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊதும். அதே கிற்றாரைப் பிள்ளை கனடாவுக்குக் கொண்டுபோனால், பனிக்காலத்தில் சூடேற்றிய வீட்டின் வறட்சியில் இன்னும் சுருங்கும். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சீராக்கும் உலோகக் கோலான ட்றஸ் றொட் இதற்குப் பாதி மருந்துதான். 7ஆம் பிறெற்றில் கம்பிக்குக் கீழே 0.2 மி.மீ. அளவில் இருக்க வேண்டிய இடைவெளியை அது சீராக்கும். கழுத்தின் கோணத்தை அது மாற்றாது, மூட்டுக்கு மேலே எழும் கூனையும் எடுக்காது.

பூட்டும் கழுத்தில் கோணம் மாறினால் நான்கு ஸ்குறூவைக் கழற்றி ஆப்பு வைக்கலாம். உடலில் கழுத்து உட்காரும் குழியான கிடங்கின் நீளம் 76 மி.மீ.; அதன் பிறிட்ஜ் பக்க ஓரத்தில் 0.5 மி.மீ. உயர்த்தினால், 648 மி.மீ. ஸ்கேலில் (அதிரும் கம்பியின் நீளம்) பிறிட்ஜ் அருகே ஏறக்குறைய 1.7 மி.மீ. உயரம் கிடைக்கும். கடதாசி மட்டையை மடித்து ஓரத்தில் செருகுவது வழக்கம், ஆனால் அது நல்ல பழக்கமல்ல. நடுவில் வெற்றிடம் விட்டு ஸ்குறூ இழுக்க இழுக்க, குதிப்பகுதி வளைந்து கடைசிப் பிறெற்றுகள் மேலே எழும். மகோகனிச் சீவலைக் கிடங்கின் முழு நீளத்துக்கும் ஆப்பு வடிவில் தேய்த்து வையுங்கள். ஒட்ட வேண்டாம்.

பிறெற் தேய்ந்து மாற்றும்போதும் கழுத்தை மட்டும் மேசையில் வைத்து வேலை செய்யலாம், உடலின் பூச்சில் அரம் படாது. கழுத்து முறுகிப்போனால் அதே அளவில் இன்னொன்று செய்து பூட்டலாம். முதன்முதலாகச் செய்பவர் பிழைவிடுவது பெரும்பாலும் கழுத்தில்தான் என்பதால் இது சின்ன விடயமல்ல. பயணத்துக்குக் கழற்றினால் பெரிய பயணப்பெட்டியில் மூலைக்கு மூலை வைத்துக் கொண்டுபோகலாம் என்பதும் எங்கள் ஊருக்குப் பொருந்துகிற நன்மை.

ஆனால் மூட்டை ஒழுங்காகச் செய்ய வேண்டும். உடல் 44.5 மி.மீ., கிடங்கு 16 மி.மீ. ஆழம், கழுத்தின் குதி பிறெற் பலகையோடு 25.4 மி.மீ. தடிப்பு. 45 மி.மீ. ஸ்குறூ தகட்டையும் உடலையும் தாண்டிக் கழுத்துக்குள் 15 மி.மீ. இறங்கும். கழுத்தில் 3.2 மி.மீ. துளை போதும், துளைப்பானில் 17 மி.மீ.இல் நாடா சுற்றி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் பிறெற் பலகையால் வெளியே வந்துவிடும். உடலில் ஸ்குறூ தடையின்றி வழுக்கிப் போக வேண்டும். பலர் விடும் பிழை இங்கேதான்: ஸ்குறூவின் இழை உடலையும் கடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் கழுத்துக்கும் கிடங்குக்கும் இடையே மயிரிழை வெளி நிற்கும், கம்பியை இழுத்ததும் கழுத்து அசையும்.

அகலத்தில், கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் ஸ்குறூ இல்லாமலே உடலும் கூட வருமளவு இறுக்கம் நல்லது. ஆனால் மேப்பிள் கழுத்தை மகோகனி உடலில் வைத்தால் சற்றுத் தளர்வாக விடுங்கள். மர நரம்புக்குக் குறுக்கே மேப்பிள் மகோகனியைவிட ஏறக்குறைய இருமடங்கு பருக்கும். கோடையில் இறுக்கமாகச் செருகியது மாரியில் கிடங்கின் மெல்லிய உதட்டை வெடிக்க வைக்கும். கிடங்குக்குள் பூச்சும் படக்கூடாது, நாடா ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள்.

ஸ்குறூ கறையில்லா உருக்காக இருக்கட்டும். கடற்காற்றில் மற்றவை துருப்பிடித்து இறுகி, கழற்றும்போது தலை முறியும். பூட்டுமுன் மெழுகுதிரியில் உரசுங்கள். சவர்க்காரம் ஈரத்தை இழுத்துத் துருவைக் கூட்டும். பலமுறை கழற்றி இழை தேய்ந்தால், பல்லுக்குத்தி செருகுவது சில மாதத்துக்குத்தான் நிற்கும். துளையை 10 மி.மீ. ஆக்கி வைர மர அடைப்பு ஒட்டித் திரும்பத் துளையிடுங்கள். அடைப்பின் நரம்பு ஸ்குறூவுக்குக் குறுக்கே ஓட வேண்டும், நீளவாக்கு நரம்பில் இழை பிடிக்காது. அடிக்கடி கழற்றுவதாக இருந்தால் பித்தளை இழைக்குழாய் பதித்து இயந்திர போல்ற் பாவிப்பது இன்னும் திறம்.

கழுத்துக்குப் பனையை நினைக்க வேண்டாம். வைரப் பகுதியிலும் நார்க்கட்டுகளுக்கிடையே மென்மையான சோற்றி இருக்கிறது, பிறெற் வாய்க்காலின் ஓரம் சிதறும். முதிரை உறுதி, ஆனால் பாரம்; மகோகனிக்கு நடுவே 6 மி.மீ. பட்டையாக வைத்தால் கழுத்து விறைப்பாகும், தலைப்பக்கமும் கீழே சாயாது.

ஒட்டும் கழுத்தைத்தான் செய்வேன் என்பவர்கள், ஒட்டுவதற்கு முன் பிறிட்ஜையும் இரண்டு ஓரக் கம்பிகளையும் பூட்டி, மூட்டைக் கிளாம்பில் இறுக்கிக் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். பசைக்கு, ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகக்கூடிய வச்சிரப் பசையே (விலங்குத் தோலில் காய்ச்சுவது) நல்லது. பிறகு ஒருநாள் அந்த மூட்டைத் திறக்க வேண்டி வந்தால் ஆவியும் மெல்லிய கத்தியும் போதும்.