விண்டர்லேண்டில் பதிவான கிட்டார்: கிரீமின் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்', மூன்றாம் பக்கம்

கிரீம் என்ற பிரிட்டிஷ் ராக் குழு இரண்டரை ஆண்டுக்குக் குறைவாகவே இயங்கியது. 1966இல் கூடி 1968 நவம்பரில் கலைந்தார்கள். எரிக் கிளாப்டன் கிட்டார், ஜாக் புரூஸ் பேஸ், ஜிஞ்சர் பேக்கர் டிரம்ஸ். மேடையில் இவர்கள் எப்படி ஒலித்தார்கள் என்று கேட்க ஒரே ஒரு தட்டு வாங்க முடியும் என்றால், 1968இல் வந்த 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' இரட்டை ஆல்பத்தை வாங்குங்கள். முதல் தட்டு ஸ்டூடியோவில் செய்தது. இரண்டாவது தட்டு, அதாவது மூன்றாம் நான்காம் பக்கங்கள், சான் பிரான்சிஸ்கோ மேடைப் பதிவு.

அட்டையில் 'ஃபில்மோர்' அரங்கின் பெயர் போட்டிருந்தாலும் நான்கு பாட்டுகளில் 'டோட்' மட்டுமே அங்கே பதிவானது. மற்ற மூன்றும் 1968 மார்ச்சில் விண்டர்லேண்ட் அரங்கில் பதிவானவை. தயாரிப்பு ஃபீலிக்ஸ் பாப்பலார்டி, ஒலிப்பதிவு பில் ஹால்வர்சன். நான்காம் பக்கத்தில் உள்ள 'டிரெய்ன்டைம்' புரூஸின் ஹார்மோனிகாவுக்கும் பேக்கரின் டிரம்ஸுக்கும் உரியது, 'டோட்' பேக்கரின் நீண்ட டிரம் சோலோ. கிட்டாருக்காக வாங்குபவர்களுக்கு மூன்றாம் பக்கம்தான் கணக்கு: நான்கு நிமிடச் சொச்சம் 'கிராஸ்ரோட்ஸ்', பதினாறு நிமிடத்துக்கும் மேலே 'ஸ்பூன்ஃபுல்'.

'கிராஸ்ரோட்ஸ்' ராபர்ட் ஜான்சன் 1936இல் தனி ஆளாகப் பதிந்த பாட்டு. கிரீம் அதை ஏ சுருதியில், நேரான ராக் தாளத்தில், ஒரே ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியின்) மேல் ஏற்றிவிட்டார்கள். சோலோ இரண்டு. முதலாவது இரண்டு சுற்று, அதாவது 24 பார் (தாள ஆவர்த்தம்). இரண்டாவது மூன்று சுற்று, 36 பார். முதல் சோலோ கழுத்தின் கீழ்ப் பகுதியிலேயே நடக்கும், மைனர் பென்டாடானிக், மேஜர் பென்டாடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசைகள் மாறி மாறி வரும். இரண்டாவது சோலோ 17ஆம் ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) பக்கம் ஏறி அங்கேயே நின்று பேசும். டிஸ்டார்ஷனுக்குள் (ஒலித் திரிபுக்குள்) புதைந்த ஒலி இல்லை இது. ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் பிக் (தந்தியை மீட்டும் வில்லை) தந்தியில் படுவது தனியாகக் கேட்கிறது. மெதுவாகத் தட்டினால் தெளிவு, அழுத்தித் தட்டினால் கரகரப்பு. நாபை (ஒலியைச் சரிசெய்யும் குமிழை) தொடாமலேயே கை இதைச் செய்கிறது.

கிரீம் காலத்தில் கிளாப்டன் மேடையில் வைத்திருந்தவை ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) கொண்ட கிப்சன் கிட்டார்கள். அவற்றில் பிரபலமானது 'தி ஃபூல்' ஓவியக் குழு வண்ணம் தீட்டிய எஸ்ஜி மாடல். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 100 வாட் மார்ஷல். அதன் நாப் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து வைத்ததாக அவரே அப்போது சொல்லியிருக்கிறார். இங்கே திரிபு பிறக்கும் இடம் ஆம்பின் கடைசிக் கட்டத்தில் உள்ள பவர் வால்வும் ஸ்பீக்கரும். பெடல் வைத்து முன்கட்டத்தில் உண்டாக்கும் திரிபு எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இரையும். பவர் வால்வு திணறும்போது வரும் திரிபு கையின் வேகத்தோடு கூடிக் குறையும். சிறிய ஆம்பில் கெயினை (முன்கட்டப் பெருக்கத்தை) பத்தில் வைத்து, மாஸ்டர் வால்யூமை ஒன்றில் வைத்து இந்தப் பாட்டை வாசிப்பவர்களுக்கு ஒலி ஈ மொய்ப்பது போல வருவது இதனால்தான்.

'உமன் டோன்' என்று ரசிகர்கள் கொண்டாடும் அந்தக் குழைவான ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். கிட்டாரில் உள்ள டோன் நாபைச் சும்மா குறைப்பது போதாது, பூஜ்யம் வரை திருப்ப வேண்டும். இரண்டு, மூன்றில் நிறுத்தினால் டோன் நாபின் அடியில் உள்ள மின்தடை பிக்கப்பின் ஒத்ததிர்வை அமுக்கிவிடும், ஒலி கம்பளி போர்த்தியது போல மந்தமாகும். பூஜ்யத்தில் அந்தத் தடை விலகி, பிக்கப் சுருளும் டோன் கெப்பாசிட்டரும் (மின்தேக்கியும்) நேராகச் சேர்ந்து புதிய உச்சம் ஒன்றை உண்டாக்கும். சுமார் 4 ஹென்றி பிக்கப்பும் 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் என்றால் அந்த உச்சம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். மனிதக் குரலில் 'ஓ' என்ற உயிரெழுத்துக்கு வலு தரும் பகுதி அது. கிட்டார் வாயைக் குவித்துப் பாடுவது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். உங்கள் கிட்டாரில் 0.047 கெப்பாசிட்டர் இருந்தால் உச்சம் 350 ஹெர்ட்ஸுக்கு இறங்கிக் குழம்பும். மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது, பலன் பெரியது.

கிட்டாரில் ட்ரெபிளை (மேல் அலைவரிசையை) வெட்டிவிட்டதால் ஆம்பில் அதை ஈடுகட்ட வேண்டும். வீட்டு அறையில் ட்ரெபிள் 8, பிரசன்ஸ் 7, மிடில் 7, பேஸ் 2 அல்லது 3 என்று தொடங்கலாம். பேஸை முழுதும் திறப்பது பெரிய அரங்குக்குச் சரி. சிறிய அறையில் கீழ்ஸ்வரங்கள் தொளதொளத்து, பிக்கின் தட்டல் காணாமல் போகும். நெக் பிக்கப் (கழுத்தை ஒட்டிய பிக்கப்) தந்திக்கு மிக அருகில் இருந்தாலும் இதே கோளாறு வரும், ஆறாம் தந்திப் பக்கம் உள்ள திருகை ஒரு சுற்று திருப்பிப் பிக்கப்பை இறக்குங்கள்.

உண்மையான 100 வாட் மார்ஷல் கிடைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முழுதாகத் திறந்தால் அது 100 வாட்டுக்கு மேலேயே தள்ளும். 25 வாட் கிரீன்பேக் ஸ்பீக்கர் நான்கு கொண்ட ஒரே கேபினெட் அதைத் தாங்காது. 16 ஓம் கேபினெட் இரண்டை இணையாக மாட்டி, ஆம்பின் பின்புறத் தேர்வியை 8 ஓமில் வையுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். வீட்டில் அட்டென்யுவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் வலுவைக் குறைக்கும் கருவி) வைத்துக்கொள்ளலாம், ஆனால் மிக அதிகமாக அடக்கினால் ஸ்பீக்கர் தரும் பங்கு போய்விடும். மாடலர் (ஆம்ப் ஒலிகளை டிஜிட்டலாகப் போலி செய்யும் கருவி) வைத்திருப்பவர்கள் பிளெக்ஸி எனும் பழைய மார்ஷல் வகையைத் தேர்ந்து, கெயினை ஆறில் நிறுத்தி, ஓவர்டிரைவ் பெடலை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை தெரியும். அது ஜாக் புரூஸ் இல்லாத குறை. இரண்டாவது கிட்டார் இல்லாத குழுவில் சோலோ தொடங்கியதும் அடியில் ஒரு பள்ளம் விழ வேண்டும். இங்கே விழவில்லை. புரூஸின் கிப்சன் இபி-3 பேஸும் கரகரத்துக்கொண்டே நடு அலைவரிசையை நிரப்புகிறது. 'ஸ்பூன்ஃபுல்' பாட்டில் இது பளிச்சென்று தெரியும். வில்லி டிக்சன் எழுதி ஹவ்லின் வுல்ஃப் பாடிய பாட்டு, இவர்கள் கையில் அநேகமாக ஒரே கார்டின் மேல் நடக்கும் நீண்ட உரையாடலாகிவிட்டது. கிட்டார் ஒரு சொற்றொடரை விட்ட இடத்தில் பேஸ் எடுக்கிறது, பேக்கர் இருவரையும் நெருக்குகிறார். நடுவில் சில நிமிடங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பதும் உண்மை. முதல் தடவை கேட்பவர்கள் ஹெட்ஃபோனில், பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் அந்த இடங்களும் திறந்துகொள்ளும்.

இதே மார்ச் பதிவுகளின் மிச்சம் பின்னால் வந்த இரண்டு ஆல்பங்களில் இருக்கிறது. 1970இல் வந்த 'லைவ் கிரீம்' தட்டில் 'ஸ்லீப்பி டைம் டைம்' என்ற மெதுவான புளூஸ் உள்ளது. கிளாப்டனின் விப்ராட்டோவை (ஸ்வரத்தை அசைக்கும் முறையை) கற்க விரும்புபவர்களுக்கு 'கிராஸ்ரோட்ஸை' விட இதுவே நல்ல பாடம்: கட்டைவிரலைக் கழுத்திலிருந்து விடுவித்து, விரல் நுனி மட்டும் தந்தியில் நிற்க, மணிக்கட்டோடு கை அசையும், அகலமாக, அவசரமில்லாமல். 1972இல் வந்த 'லைவ் கிரீம்' இரண்டாம் பாகத்தில் 'டேல்ஸ் ஆஃப் பிரேவ் யுலிசிஸ்' இருக்கிறது, வா-வா பெடலுக்காக அதைக் கேட்க வேண்டும். 2005இல் மூவரும் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்தபோது கிளாப்டன் கையில் இருந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். வாசிப்பு அழகு, நாதம் வேறு. அதை வாங்கி இந்த ஒலியைத் தேடாதீர்கள்.

பழைய எல்பி வாங்குபவர்கள் உறையின் வெள்ளி நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்றாம் பக்கத்தின் பள்ளங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இந்த ஆல்பத்தில் மக்கள் தேய்த்துத் தேய்த்துக் கேட்டது அந்தப் பக்கத்தைத்தான், அதிலும் வெளிவிளிம்பில் முதலாவதாக வரும் 'கிராஸ்ரோட்ஸை'. அங்கே சாம்பல் பூத்திருந்தால் விட்டுவிட்டு சிடி வாங்குங்கள்.