ஜெனரேட்டர் கயிறு அறுந்தால் மெஷினைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

பெங்களூரில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை நம்பித் தொழில் செய்கிறவர்கள், குறிப்பாக என்னைப் போல அதை இழுத்து ஸ்டார்ட் செய்வதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள், இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஸ்டார்ட் செய்யும் கயிறு அறுந்துபோனதற்காக நான் 4,550 ரூபாய் கொடுத்தேன். அந்த வேலைக்கு உண்மையில் தேவைப்பட்டது 60 ரூபாய்க் கயிறும் முக்கால் மணி நேரமும்தான்.

அல்சூரில் வீட்டின் முன்னறையிலேயே தையற்கடை வைத்திருக்கிறேன். பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய மே மாதக் கடைசி வாரம்தான் எனக்கு ஆண்டிலேயே நெருக்கடியான வாரம். கோடை மழையில் மரக்கிளை முறிந்து கம்பி மேல் விழுந்து மின்சாரம் போவதும் அதே வாரத்தில்தான். சீருடைக்கு வெட்டி வைத்த துணி மேசை நிறைய இருந்த ஒரு மாலையில், வாசலில் இருந்த ஜெனரேட்டரை இழுத்தபோது கைப்பிடி மட்டும் ஒரு சாண் கயிற்றோடு என் கைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எஸ்.ஜே.பி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்துக்குப் போனேன். அந்தப் பகுதியில் மோட்டாரும் பம்பும் பழுது பார்க்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நேர்மையாக வேலை செய்கிறவர்களும் அங்கே நிறையப் பேர் உண்டு. நான் நுழைந்த கடைக்காரர் என் கன்னடத்தைக் கேட்டதுமே தமிழுக்கு மாறி, "எந்த ஊருக்கா நீங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியில் நான் பாதி நம்பிவிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் மனம் வலிக்கிறது. மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஸ்பிரிங் போயிடுச்சு, பிஸ்டனும் பிடிச்ச மாதிரி இருக்கு, வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். ரிகாயில் செட் (இழுக்கும் கயிறு, அது சுற்றும் புல்லி, ஸ்பிரிங், உறை எல்லாம் சேர்ந்தது) முழுவதும் புதிது 1,450, கார்புரேட்டர் சர்வீஸ் 900, பிஸ்டன் ரிங் 1,200, கூலி 1,000. சீட்டில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்கு, "காயலான் கடைக்குப் போட்டாச்சுக்கா" என்றார். என் முன்னால் ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டினார், ஓடியது. போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், இழுத்த கயிறு முழுவதுமாக உள்ளே போகாமல் கைப்பிடி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குவதைக் கவனித்தேன். புதுக் கயிறு, பழகினால் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நான்காம் நாள் இரவு, இழுத்த இழுப்பில் முடிச்சு நழுவிக் கயிறு உள்ளே போய்விட்டது. மீண்டும் கடைக்குப் போனபோது, நான் இழுத்த விதம் தவறு என்றும், மறுபடி சரி செய்ய 800 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். பேசாமல் மெஷினைத் திருப்பி எடுத்து வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோலார் தங்கவயலில் இருந்து மாரிக்குப்பம் ரயிலில் வந்தார். 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை அங்கே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர் அவர். வாசலில் செய்தித்தாளை விரித்து, முதல் வேலையாக ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினார். கை வைத்திருக்கும்போது என்ஜின் தற்செயலாகக்கூட ஸ்டார்ட் ஆகி ஓடிவிடக் கூடாது என்பதற்காக. பிறகு 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் மூன்று போல்ட்டுகளைக் கழற்றியதும், கயிறும் புல்லியும் ஸ்பிரிங்கும் அடங்கிய உறை அப்படியே கைக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் அந்த வேலையின் கடினமான பகுதி.

அந்த உறையின் விளிம்பில், போன வருடம் கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் சொட்டிக் காய்ந்திருந்தது. புதிது என்று 1,450 ரூபாய் வாங்கிய செட் அது. நான்கு நாளும் என் கண் முன்னால் இருந்த அந்தச் சொட்டை நான் பார்க்கவே இல்லை. உள்ளே ஸ்பிரிங் முழுசாக, எண்ணெய்ப் பிசுக்கோடு நன்றாகவே இருந்தது. அப்பா அடுத்ததாக ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்துக் காட்டினார். ஆயில் தார் போலக் கறுத்திருந்தது. "ரிங் மாத்தணும்னா ஹெட்டைக் கழட்டணும், சைடு கவரைத் திறக்கணும், ஆயிலை வடிக்காம அது நடக்காதும்மா" என்றார். என்ஜினின் மேல்மூடியான அந்த ஹெட்டின் போல்ட்டுகளைச் சுற்றி வருடக்கணக்கில் படிந்த அழுக்கு கீறல்கூட இல்லாமல் இருந்தது. எந்த ஸ்பேனரும் அங்கே பட்டிருக்கவில்லை.

கயிற்றைப் பற்றி எனக்கே தெரிந்திருக்க வேண்டும். துணி நைலானா, பாலியஸ்டரா என்று ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்ப்பது என் தொழிலில் அன்றாடம் நடப்பது. கடைக்காரர் கட்டியிருந்த கயிற்றில் ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. கொளுத்தினேன், மெழுகுவத்தி வாசனை வந்தது. அது பாலிபுரோப்பிலின், அதாவது துணி காயப்போடும் கொடிக்கயிறு. நைலான் தண்ணீரில் மூழ்கும், அதன் உருகுநிலையும் இதைவிட 50 டிகிரிக்கு மேல் அதிகம். கொடிக்கயிறு வழவழப்பானது, அதில் முடிச்சு நிற்காது, துளையில் உரசிச் சூடேறினால் சீக்கிரம் இளகும்.

முதல் கயிறு ஏன் அறுந்தது என்பதையும் அப்பாதான் கண்டுபிடித்தார். கயிறு வெளியே வரும் துளையின் இரும்பு வளையம் தேய்ந்து, ஒரு பக்கம் பிளேடு போலக் கூர்மையாகியிருந்தது. அதை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கினார். அதைச் செய்யாமல் எந்தக் கயிற்றைப் போட்டாலும் அறுந்துதான் போகும்.

மறுநாள் ஹார்டுவேர் கடையில் 4 மில்லிமீட்டர் பின்னல் நைலான் கயிறு இரண்டு மீட்டர் வாங்கினேன், 60 ரூபாய். பழைய கயிற்றுத் துண்டுகளைச் சேர்த்து அளந்து அதே நீளத்துக்கு நறுக்கி, இரு முனைகளையும் தீயில் காட்டிப் பிரியாமல் இறுக்கினேன். கயிற்றை இழுக்கும்போது புல்லி எந்தப் பக்கம் சுற்றுமோ, அதே பக்கமாக ஸ்பிரிங் இறுகி நிற்கும்வரை அப்பா சுற்றினார். பிறகு ஏறக்குறைய ஒரு சுற்றுப் பின்னால் விட்டு, புல்லியின் துளையும் உறையின் துளையும் நேருக்கு நேர் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நிறுத்தினார். நான் கயிற்றைக் கோத்து, உள்ளே 8 வடிவ முடிச்சு ஒன்றைப் போட்டு இழுத்து இறுக்கி, வெளிமுனையில் கைப்பிடியைக் கட்டினேன். ஸ்க்ரூ டிரைவரை உருவி, பிடித்துப் பிடித்து மெதுவாக விட்டபோது கயிறு தானாகச் சுருண்டு, கைப்பிடி உறையோடு ஒட்டி நின்றது. ஸ்பிரிங்கை முதலில் போதுமான அளவு சுற்றாததால்தான் கடைக்காரர் கட்டிய கயிறு தொங்கியிருக்கிறது. அதே சமயம், கயிறு முழுவதும் வெளியே வந்த நிலையிலும் புல்லி இன்னும் அரைச் சுற்றாவது சுற்ற இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் முறியும் என்றார் அப்பா. புல்லியை மட்டும் உறையிலிருந்து தூக்கவே விடவில்லை. அடியில் சுருண்டிருக்கும் ஸ்பிரிங் பிரிந்து பாய்ந்தால் முகத்தைக் கிழித்துவிடும்.

ஆகவே கயிறு அறுந்தால், உங்கள் கண் முன்னாலேயே உறையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும். காத்திருந்து வாங்கக்கூடிய வேலைதான் இது, மெஷினை இரவு கடையில் விட்டுவர வேண்டிய வேலை அல்ல. பழைய பாகங்களைத் தருவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாத கடையில் மெஷினை இறக்காதீர்கள். ரிங் மாற்றினேன் என்று சொன்னால் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். கடைப் பெயர் போட்ட பில்லை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பில் இல்லாதது எனக்குப் பெரிய இடைஞ்சலாகிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தேன், தமிழிலேயே பேச முடிந்தது. அந்தத் துண்டுச் சீட்டு, போனில் பணம் அனுப்பிய பதிவு, பச்சைச் சொட்டின் புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதில் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இதற்கிடையில் அப்பாவும் நானும் அந்த உறையையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அந்தச் சொட்டைக் காட்டியதும் ரிகாயில் செட்டுக்கான 1,450 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மீதி 3,100 ரூபாய் இன்னும் வரவில்லை.