ராவுத்தர் பிரியாணியா, மலபார் தம்மா, குழிமந்தியா? பாலக்காட்டில் எதற்குக் காசு கொடுக்கலாம்

கல்மண்டபத்தைத் தாண்டி சந்திரநகர், கஞ்சிக்கோடு என்று நெடுஞ்சாலை ஓரமாகப் போனால், பொழுது சாய்ந்ததும் வரிசையாக மந்தி, அதாவது குழியில் வேகும் அரபுக் கோழிச்சோறு விற்கும் கடைப் பலகைகள் ஒளிர ஆரம்பிக்கும். அதே ஊரில் மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் பேச்சே வேறு, எல்லாருக்கும் பிரியாணிதான். இரண்டுக்கும் போட்டி என்று சொல்கிறார்கள். நான் பார்த்தவரை மந்தி பிடித்தது பிரியாணியின் இடத்தை அல்ல, ராத்திரி பொரோட்டாவும் பீஃபும் இருந்த இடத்தை. உண்மையான போட்டி இரண்டு பிரியாணிகளுக்கு நடுவில் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் ராவுத்தர் பிரியாணி. புதுநகரம், கொல்லங்கோடு, சித்தூர் பக்கத்துச் சமையல் இது. அங்கே பல ராவுத்தர் வீடுகளில் இன்றும் பேச்சு தமிழ்தான், அடுப்பும் திண்டுக்கல் பக்கத்து அடுப்புக்குத்தான் சொந்தம். கறியை இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், தயிரோடு வேகவிட்டு, அந்தச் சாற்றிலேயே தண்ணீர் அளந்து சீரகச் சம்பா அரிசியைப் போடுவார்கள். தண்ணீர் வற்றும் பதத்தில் தணலை மூடிமேல் அள்ளிப் போட்டு தம். அரிசி, கறியின் சாற்றைக் குடித்து வேகிறது. அதனால் தட்டில் வெள்ளைச் சோறு, மஞ்சள் சோறு என்ற பிரிவே இருக்காது. கறித்துண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். அதிலேயே கறி இருக்கும்.

மலபார் தம் கட்டுவது வேறு கணக்கு. கைமா என்னும் பொடிமணி அரிசியை நெய்ச்சோறாகத் தனியே வேகவைத்து, மசாலாக் கறியின் மேல் அடுக்கி, வறுத்த வெங்காயம், முந்திரி, திராட்சை தூவி தம் போடுகிறார்கள். கேரளத்தில் விற்கும் கைமாவில் பெரும்பங்கு மேற்கு வங்கத்தின் வர்த்தமான் பக்கமிருந்து வருவது. மலபார் பெருமை பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும், சொல்லித்தான் பார்க்க வேண்டும். மசாலா கீழே, சோறு மேலே என்பதால் பரிமாறுகிறவர் கரண்டியை எவ்வளவு ஆழம் விடுகிறார் என்பதில் உங்கள் மதியச் சாப்பாடு அடங்கியிருக்கிறது. மேல் அடுக்கு மட்டும் வந்தால் நெய்ச்சோறு, அடி வந்தால் விருந்து. கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் 'கொஞ்சம் மசாலா சேர்த்து' என்று கேட்கலாம், தயங்காமல் போடுவார்கள். காரம் தாங்காத குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போனால் இதுதான் சரி. பேரீச்சம்பழ ஊறுகாய் வைக்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது.

எனக்கு ராவுத்தர் பிரியாணிதான் ஒரு படி மேல். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அளவு தப்பினால் மொத்த அண்டாவும் குழையும், திருத்தவே முடியாது. மலபார் முறையில் சோறு தனி, கறி தனி என்பதால் தப்பை மறைத்துவிடலாம். பெரிய ஓட்டல்கள் எதை விரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல ராவுத்தர் பிரியாணிக்குக் கல்யாண வீட்டையும் சின்ன மெஸ்ஸையும் நம்ப வேண்டியிருப்பது இதனால்தான்.

இனி மந்தி. யேமனின் ஹத்ரமௌத் பகுதியில் பிறந்து, வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் நாக்கோடு கேரளத்துக்கு வந்தது. அரிசி அண்டாவைக் குழிக்குள் கனலின் மேல் இறக்கி, அதற்கு மேலே கம்பியில் கோழியை வைத்து வாயை மூடுகிறார்கள். கோழியின் கொழுப்பு சொட்டுச்சொட்டாகச் சோற்றில் இறங்கும். மசாலா குறைவு, புகைவாசம் அதிகம். நீள பாசுமதி, காரமே இல்லை. அந்த வேலையைச் செய்ய மேசைக்குத் தக்காளிச் சட்னி வருகிறது. சில கடைகளில் சோற்றைத் தனியே வேகவைத்து, கனலில் சுட்ட அல்ஃபாம் கோழியை மேலே வைத்துக் கொடுப்பார்கள். கோழியைத் தூக்கிப் பாருங்கள், அடியில் உள்ள சோறு வெளுத்து உதிரியாகக் கிடந்தால் அது குழியைப் பார்க்காத மந்தி.

ருசியில் மூன்றாமிடம் என்றாலும், நாலு பேர் தரையில் மெத்தை போட்ட மஜ்லிஸில் உட்கார்ந்து ஒரே தாலத்தில் கைவைத்துச் சாப்பிடும் சுகத்தை பிரியாணி தராது. கல்லூரிப் பிள்ளைகள் காசு கொடுப்பது அதற்குத்தான். கால், அரை, முழு என்று விற்பதால் ஆளுக்குப் பங்கு பிரித்தால் கணக்கும் கட்டுப்படியாகிறது. தனியாகப் போய்க் கால் மந்தி சாப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

வாளையார் தாண்டி கோவைக்குப் பார்சல் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மந்தியோடு தொட்டுக்கொள்ள வரும் மயோனைஸில், பச்சை முட்டையில் செய்வதை கேரள அரசு 2023 ஜனவரியில் தடை செய்தது, தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டது. எந்த மயோனைஸானாலும், வெயிலில் ஐம்பது கிலோமீட்டர் காருக்குள் கிடக்கிற பொருள் அல்ல அது. பார்சலில் சமைத்த நேரமும் சாப்பிட வேண்டிய நேரமும் எழுதிய ஸ்டிக்கர் கேரளத்தில் கட்டாயம், கேட்டு வாங்குங்கள். மந்தி ஆறினால் சோறு வறண்டு கோழி நாராகிவிடும். மலபார் தம் பாதி தப்பிக்கும். ராவுத்தர் பிரியாணியை வீட்டில் தோசைக்கல்லின் மேல் பாத்திரத்தோடு வைத்துச் சூடாக்கினால் கடையில் தின்றதுக்குக் குறைவில்லாமல் இருக்கும்.